வெள்ளிக்கிழமைப் படகுகள்

“ஃபெர்ரியிலயே வாந்தி எடுக்கிறவ, மீன்பிடி போட்டுல ஏறப் போறியா?” என்று நான் வீட்டிலிருந்து கிளம்பும்போது மாமா சிரித்தார். எங்கள் குடும்பத்தில் முதலில் பட்டம் வாங்கியவள் நான். இதையும் செய்துகாட்டத்தான் தீவின் கோடியிலுள்ள மீனவ ஊரான தெலுக் பஹாங் வந்திருக்கிறேன்.

கரையோரம் முழுக்கப் படகுகள். ஒன்றுகூட நகரவில்லை.

“இன்னிக்கு வெள்ளிக்கிழமை, தங்கச்சி. எல்லாரும் தொழுகைக்குப் போயிட்டாங்க. யாரும் கடலுக்குப் போக மாட்டாங்க,” என்கிறார் தேநீர்க்கடை ராணி அக்கா. “மீனுக்கும் லீவுலா.”

கடலை நம்பிப் பிழைக்கும் ஊர், வாரத்தில் ஒருநாள் கடலைச் சும்மா விட்டுவிடுகிறது. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ் நிறுத்தம் பக்கம் பார்க்கிறேன்.

“எங்க பக்கத்து வீட்டு மலாய்க்காரப் பெரியவரு, பாக்சிக், நாளைக்குக் காலையில கடலுக்குப் போவாரு. ராத்திரி எங்க வீட்டுலயே தங்குறியா, இல்ல பயமா இருக்கா?”

ஊர் திரும்ப நான் ஏறவேண்டிய பஸ் கிளம்புகிறது. என் பை அக்கா வீட்டுக்குள் இருக்கிறது.