இடது கைக்கு ஒரு துப்பாக்கி

அல் ஐனில் நான் பார்த்துக்கொண்ட பெரியவரை வீட்டில் எல்லோரையும் போல நானும் பாபா என்றுதான் கூப்பிட்டேன். அவர் என்னை சிஸ்டர் என்பார். பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டிருந்தது. கால் ஓரளவு தேறியது. கை தேறவில்லை, விரல்கள் உள்ளங்கைக்குள் மடங்கியே கிடந்தன. கன்னியாகுமரிக் கடற்கரையிலிருந்து நர்ஸ் வேலைக்கு வந்த எனக்கு இப்படிப்பட்டவர்கள் புதிதில்லை. ஆனால் இவரைப்போலப் பிடிவாதக்காரரைப் பார்த்ததில்லை. பயிற்சிக்கு ரப்பர் பந்தைக் கொடுத்தால், "மாஃபி, வேண்டாம். நான் குழந்தையா?" என்று தள்ளிவிடுவார்.

ஒருகாலத்தில் அண்ணனோடு ஆப்பிரிக்காவுக்குப் போய்க் காட்டெருமை வேட்டையாடியவர். அண்ணன் இறந்த பிறகு போவதை நிறுத்திவிட்டார். அந்தப் படங்கள் மஜ்லிஸில், அதாவது விருந்தாளிகள் உட்காரும் கூடத்தில், சுவர் நிறையத் தொங்கின. துப்பாக்கி அலமாரியின் சாவி மகனிடம் இருந்தது.

ஒருநாள் காலைச் சாப்பாட்டின்போது மகனிடம் சொன்னார்: "அபுதாபியில் வேட்டைக் கண்காட்சி நடக்கிறது. என்னைக் கூட்டிப் போ. ஒரு துப்பாக்கி வாங்க வேண்டும்."

மகன் என்னைப் பார்த்தார். நான் தட்டைப் பார்த்தேன்.

"இருக்கிறதெல்லாம் போதாதா, பாபா?"

"அதெல்லாம் வலது கைக்காரனுடையது."

கண்காட்சிக் கூடத்தில் சக்கர நாற்காலியைத் தள்ளுவது பெரும்பாடாக இருந்தது. பருந்துகள், சேணங்கள், வெளிநாட்டுக் கத்திகள், எல்லாவற்றுக்கும் கூட்டம். பாபா எதையும் பார்க்கவில்லை. ஒரு கோடியில் இருந்த சிறிய ஸ்டாலில் நிறுத்தச் சொன்னார். அங்கே விற்பனை செய்ய நின்றவர் என் சட்டைப் பையில் இருந்த பெயர் அட்டையைப் பார்த்துவிட்டுத் தமிழில் பேசினார். யாழ்ப்பாணத்துக்காரர்.

"அக்கா, ஐயாவுக்கு எப்படியான சாமான் வேணுமாம்?"

பாபா சொன்னதை நான் சொன்னேன். பழைய மாதிரித் துப்பாக்கி. ஒரே தோட்டா போட்டு ஒரே வெடி வெடிக்கிறது. பெரிய குழாய்.

"ஐயா யோசிச்சுத்தான் வந்திருக்கிறார் அக்கா. மற்றதுகளிலை ஒவ்வொரு வெடிக்கும் வலக்கையாலை பூட்டை இழுத்துத் தள்ளவேணும். இதிலை கீழை ஒரு லீவர். எந்தக் கையாலையும் இறக்கலாம்."

மூன்று துப்பாக்கிகளை மேஜையில் வைத்தார். நூறு வருடம் முந்தைய மாதிரியில் புதிதாகச் செய்தவை. ஒன்றில் தங்கக் கம்பியால் சிங்கம் இழைத்திருந்தது. மகனுக்கு அது பிடித்தது. "பாபா, மஜ்லிஸில் வைத்தால் அழகாக இருக்கும்" என்றார். பாபா அதைத் தொடக்கூட இல்லை. அடுத்தது மெலிதாக, கைக்கு வாகாக இருந்தது. அதை மடியில் வைத்து, இடது கையால் லீவரை இறக்கினார். உள்ளே ஒரு இரும்புக் கட்டை சத்தமில்லாமல் கீழே போயிற்று. குழாயின் வாயில் என் சுண்டுவிரல் நுழைந்துவிடும்.

"தம்பி, இத வெடிச்சா தோளு தாங்குமா?"

"உதைக்கும் அக்கா. எடை குறைஞ்சால் உதை கூட. நானே ஒருக்காச் சுட்டுப்போட்டு இரண்டு நாள் கையைத் தூக்கேலாமல் திரிஞ்சனான்."

பாபா ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர். பலமாக இடித்தால் உள்ளே ரத்தம் கசியும். அதை எனக்குத் தெரிந்த அரபியில் அவரிடமே சொன்னேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். தலையாட்டிவிட்டு மூன்றாவதைக் காட்டினார். எந்த வேலைப்பாடும் இல்லாத, கறுத்த மரத்தில் செய்த தடித்த துப்பாக்கி. மூன்றிலும் அதுதான் கனம்.

"எடை கூடினால் உதை குறையும். இல்லையா?" என்றார்.

அதை இடது தோளில் வைத்துப் பார்த்தார். கீழே விழுந்துவிடுமோ என்று மகன் பக்கத்தில் நின்று குழாயின் அடியில் கை கொடுத்தார். பாபா கன்னத்தை மரத்தில் சாய்த்து, ஒரு கண்ணை மூடி, கூட்டத்துக்கு மேலே விளக்குகளைக் குறிபார்த்தார். நான் அந்த வீட்டுக்குப் போன பிறகு அவர் முகம் அப்படி மலர்ந்து பார்த்ததில்லை.

"இதுதான்" என்றார்.

அனுமதி வந்து துப்பாக்கி வீட்டுக்கு வரச் சில மாதம் ஆகும் என்றார்கள். நாங்கள் புறப்படும்போது அந்தத் தம்பி மருந்தில்லாத போலித் தோட்டா ஒன்றைக் கொடுத்தார். பித்தளையில், என் நடுவிரல் நீளம். "ஐயா இதை வைச்சுப் பழகட்டும்."

இடது கை துப்பாக்கியைப் பிடிக்கும், லீவரை இறக்கும். தோட்டாவை வைக்க வலது கை வேண்டும். பாபா கணக்குப் போட்டுவிட்டிருந்தார். மறுநாள் காலையிலிருந்து தோட்டாவை மடியில் போட்டுக்கொண்டு வலது விரல்களால் எடுக்கப் பார்த்தார். அது உருண்டு விழும். நான் குனிந்து எடுத்துக் கொடுப்பேன். "யல்லா, இன்னொரு தடவை" என்பார். வெந்நீர் ஒத்தடம் கொடுத்தால் முன்பு திட்டுவார். இப்போது அவரே கேட்டு வாங்கினார். வெயில் தணிந்து குளிர் வருவதற்குள் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் பிரிந்தன. டாக்டர் ஆச்சரியப்பட்டார். பாபா அந்தக் கையால் ஒரு பேரீச்சம்பழம் எடுத்து என்னிடம் நீட்டியபோது எனக்குக் கண் கலங்கியது.

துப்பாக்கி ஒரு வெள்ளிக்கிழமை வந்தது. தொழுகை முடிந்து மகன் பெட்டியை மஜ்லிஸில் திறந்தார். பாபா லீவரை இறக்கினார். வலது கையால் போலித் தோட்டாவை எடுத்தார். இந்தத் தடவை அது விழவில்லை. உள்ளே வைத்து மூடினார். நான் கை தட்டிவிட்டேன்.

பிறகு தூக்கினார். உதவிக்கு வந்த மகனைத் தலையசைத்து நிறுத்தினார். குழாய் முழங்கால் உயரத்துக்கு வந்தது. அதற்குமேல் எழவில்லை. மறுபடி முயன்றார். கழுத்து நரம்பு புடைத்தது. மூன்றாவது முறை குழாயின் முனை கம்பளத்தில் இடித்தது.

"ஸ்டாண்டு இருக்கிறது பாபா, அதன்மேல் வைத்துச் சுடலாம்" என்றார் மகன்.

"அதுமேல் வைத்து எதைச் சுடுவது? சுவரையா?"

பாபா அண்ணனின் படத்தைப் பார்த்தாரா, சும்மா அந்தப் பக்கம் பார்த்தாரா, எனக்குத் தெரியாது. "கலாஸ், முடிந்தது. உள்ளே வை" என்றார்.

வராந்தாவில் மகன் என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "அன்றைக்குக் கண்காட்சியில் பாதிப் பாரத்தை நான் தாங்கினேன் சிஸ்டர். அவருக்கு அது தெரியவில்லை."

மறுநாள் தோட்டாவை மடியில் வைத்தேன். பாபா அதைப் பார்க்கவில்லை. அடுத்த நாளும் அப்படித்தான். ஒத்தடம் வேண்டாம் என்றார். மெலிதான துப்பாக்கியை மாற்றி வாங்கலாம் என்று மகன் சொன்னபோது முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிரிந்த விரல்கள் ஒவ்வொன்றாக மறுபடி உள்ளே மடங்கின. குளிப்பாட்டும்போது நான் வெந்நீரில் நனைத்து அவற்றைப் பிரிப்பேன், விட்டதும் மூடிக்கொள்ளும். சாப்பாடு குறைந்தது. நடையும் நின்றது. எத்தனையோ நோயாளிகள் மெல்லத் தேய்வதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் ஒருவர் ஏறிவந்த படிகளில் தானாகவே இறங்கிப் போவதைப் பக்கத்தில் நின்று பார்ப்பது வேறு.

மறுபடி வெயில் ஏறத் தொடங்கியபோது, ஒரு மதியத் தூக்கத்தில் போய்விட்டார். அன்று மாலையே அடக்கம். ஆண்கள் போனார்கள். நான் கட்டிலின் விரிப்பைக் கழற்றினேன், மாத்திரைகளை எடுத்துக் கட்டினேன், ஜன்னலைத் திறந்தேன்.

திரும்பி வந்த மகன் கதவருகே நின்று கேட்டார்: "கடைசியில் ஏதாவது சொன்னாரா?"

"தண்ணீர் கேட்டார். குடித்துவிட்டுத் தூங்கிவிட்டார்."

அவர் இன்னும் ஏதோ எதிர்பார்ப்பதுபோல நின்றார். நான் கழற்றிய விரிப்பை மடிக்கத் தொடங்கினேன்.