வளைவில் நின்ற சைக்கிள்

என் மின்சார ஸ்கூட்டரின் டயருக்கு வால்வு மாற்றிக் காற்றடித்த கொடகவெல டவுன் மெக்கானிக், "டயர அமுக்கிப் பாருங்க மிஸ்" என்றார். குனிந்தபோது ரப்பர் வாடை அடித்தது. அது அப்பாவின் வாடை.

ரப்பர் மலையில் மரங்களில் பால் வெட்டி முடித்து, அதே சட்டையோடு என்னைச் சைக்கிளில் கூட்டிப்போகப் பள்ளிக்கூட வாசலுக்கு வருவார். ஒருநாள் தோழிகள் மூக்கைப் பொத்தினார்கள். நான் தலைகுனிந்ததை அவர் பார்த்துவிட்டார்.

மறுநாளிலிருந்து தூரத்து வளைவிலேயே நின்றார்.

"டயர்ல காத்து எறங்கிருச்சி புள்ள. வாசல் வரைக்கும் வர முடியல."

ஆனால் அதே டயரில் என்னையும் ஏற்றி, தோட்டத்து லய வீடு வரை மேட்டுப் பாதையில் மிதிப்பார்.

ஒருநாள் அந்த டயரை அமுக்கிப் பார்த்தேன். கல் மாதிரி இருந்தது. அதற்குப் பிறகும் நான் வளைவுவரை நடந்துபோய்த்தான் ஏறிக்கொண்டேன்.