முடிச்சுப் போட்ட கொடிகள்

மழை பெய்த மண்வாசனை என்று ஆளாளுக்கு உருகி உருகிப் பதிவு போடுகிறீர்கள். போடுங்கள். எனக்கு அந்த வாசனை வந்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது...

எழுபதுகளின் நடுவில், போடிமெட்டைத் தாண்டி ஒரு ஏலத்தோட்டத்தில் காய் எடுத்துக்கொண்டிருந்தேன். கூலி ஆட்களின் வரிசை வீடான லயத்தில் பிறந்தவள், கல்யாணம் ஆகாதவள். இடுப்பில் சாக்கு, அட்டை ஏறாமலிருக்கக் காலில் புகையிலைத் தண்ணி. ஸ்டோரில் காய் உலர்த்தும் புகை தலைமுடியில் ஏறினால் ஞாயிற்றுக்கிழமை பூசைக்கும் கூடவே வரும்.

எனக்கு அடுத்த நிரையில் செல்லி. தோட்டத்துக்கு மேலே, சோலைக்காட்டில் மலைஜனம் வாழும் குடியைச் சேர்ந்தவள். என் வயசுதான். சீசனில் மட்டும் அவர்கள் கீழே வேலைக்கு வருவார்கள். கங்காணி நடப்பதை அவள் நடந்து காட்டினால் நாங்கள் சிரித்துச் சிரித்து அப்படியே உட்கார்ந்துவிடுவோம்.

அந்தச் சோலையில் ஒரு கொடி இருந்தது. பெயர் சொல்ல மாட்டேன். கமெண்டிலும் கேட்காதீர்கள்.

அதன் கிழங்குதான் பிள்ளை பெற்றவளுக்குக் குடியில் கொடுக்கிற மருந்து. ஆஸ்பத்திரி என்றால் மலை இறங்கி லாரி பிடிக்க வேண்டும், அடைமழையில் அதுவும் கிடையாது. லயத்துப் பெண்களுக்கும் அவர்கள்தான் கொண்டுவந்து தருவார்கள். என் அம்மாவே என்னைப் பெற்றபோது அதைக் குடித்து எழுந்தவள்.

கிழங்கை முழுசாகத் தோண்ட மாட்டார்கள். பாதியை எடுத்து, மீதியை மண் போட்டு மூடி, கொடி ஏறிய மரத்தில் ஈத்தை மூங்கில் நாரால் ஒரு முடிச்சு போடுவார்கள். இது ஒருத்தர் கை வைத்த கொடி, ஆறட்டும் என்று அர்த்தம். அந்த நார் மக்கித் தானாக விழும்வரை, என்ன அவசரம் என்றாலும் வேறு கொடியைத்தான் தேடுவார்கள். காவல் இல்லை, அபராதம் இல்லை. முடிச்சு ஒன்றுதான்.

அந்த மழைக்காலத்தில் கீழேயிருந்து ஒரு மருந்துச் சரக்கு காண்ட்ராக்டர் வந்தான். வெள்ளை வேட்டி, வாய் நிறைய வெற்றிலை. மேனேஜரைக் கையில் போட்டுக்கொண்டு நேராகக் குடிக்கே போனான். அங்கே குடிக்குத் தலைவரான மூப்பர் வெள்ளந்தி மனுஷன். வந்தவனை உட்காரவைத்துத் தேன் கொடுத்து, நல்லது என்று நினைத்து ஒன்று சொல்லியிருக்கிறார்.

"முடிச்சு கெடக்கறத மட்டும் தொட்டுராதீங்க. அது ஆறிக்கிட்டிருக்கு."

"ஆகட்டும் பெரியவரே" என்று கும்பிட்டுவிட்டு இறங்கினான் அந்தப் புண்ணியவான். மறுநாள் காலையில் மண்வெட்டியோடு நின்ற தன் ஆட்களிடம் அவன் சொன்னதை என் காதால் கேட்டேன்.

"காடெல்லாம் சுத்த வேணாம்டா. முடிச்சு எங்க இருக்குன்னு பாரு, அங்க தோண்டு."

முடிச்சைப் பார்த்தால் எவனும் கையை எடுத்துவிடுவான் என்று நம்பிய ஜனம் அது. முடிச்சைப் பார்த்துக் கை வைக்கிறவனும் உலகத்தில் இருக்கிறான் என்று அவர்களுக்கு யார் சொல்வது?

ஓடிப்போய் செல்லியிடம் சொன்னேன். கூடையை வீசிவிட்டாள். அவள் அக்காவுக்கு அப்போது நிறைமாசம்.

"வா புஷ்பம். அவனுங்க மேல ஏறுமுன்ன எல்லாத்தையும் அவுத்துருவோம்."

குறுக்குவழியில் மேல்சரிவுக்கு ஏறினோம். வழுக்கல்... அட்டை... நனைந்த நார் லேசில் அவிழாது. நகம் பிய்ந்தது, பல்லால் கடித்து இழுத்தோம். குடியில் பிறந்த யாரும் ஒரு முடிச்சை அவிழ்த்தது கிடையாது. செல்லி அவிழ்த்தாள். அவிழ்த்துக்கொண்டே அழுதாள். கீழ்ச்சரிவில் மண்வெட்டிச் சத்தம். தோண்டிய ஈரமண்ணின் வாசனை குபுகுபுவென்று மேலே வந்தது.

அந்த வாசனையைத்தான் நீங்கள் சென்ட் பாட்டில் மாதிரி கொண்டாடுகிறீர்கள்.

மேல்சரிவு தப்பியது. கீழ்ச்சரிவில் ஒரு கொடி மிச்சமில்லை. மூட்டை மூட்டையாக லாரி ஏறியது. சாயங்காலம் கங்காணி வந்து செல்லியை மட்டும் நிறுத்தினார். "நாளையிலருந்து ஒங்க குடி ஆளு ஒருத்தரும் வரவேணாம்." அவிழ்த்தது ரெண்டு பேர், நிறுத்தியது அவளையும் அவள் குடியையும் மட்டும். கேட்க நாதி இல்லை பாருங்கள்.

அதைவிடக் கொடுமை பிறகு வந்தது. அக்காவுக்குப் பிரசவம் ஆகி, அவள் அம்மா கிழங்குக்குக் காட்டுக்குப் போனாள். எது ஆறிய கொடி, எது ஆறாத கொடி என்று சொல்ல ஒரு முடிச்சுகூட இல்லை. தோண்டினதெல்லாம் ஆறாதது. கிடைத்தது சுண்டுவிரல் பருமன். அக்கா பிழைத்தாள், ஆனால் அந்த மழை முழுக்கப் பாயைவிட்டு எழவில்லை.

போன மாதம் அங்கே போயிருந்தேன். மேல்சரிவைச் சுற்றி இப்போது வனத்துறையின் கம்பிவேலி, உள்ளே போக டிக்கெட். ஊர் சுற்ற வந்த எனக்கு உடனே கொடுத்தார்கள். கூட வந்த செல்லியைப் பார்த்து வாட்சர் பையன் கேட்கிறான், "பாஸ் உண்டோ அம்மச்சீ?" அவள் பாட்டன் முப்பாட்டன் நடந்த காடு! நான் போட்ட சத்தத்தில்தான் விட்டான்.

உள்ளே பளபளவென்று ஒரு பலகை. மூன்று மொழியில் கொடியின் பெயர், பக்கத்திலேயே கலர் படம். அடியில் 'அரிய மூலிகை, பறிக்காதீர்கள்'.

பலகைக்குக் கீழே கொடி இல்லை. குழி இருந்தது. புதுசாகத் தோண்டிய குழி... அதே வாசனை.

செல்லி இடுப்பில் கை வைத்துக் குழியையும் பலகையையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"படமும் போட்டு, பேரும் எழுதி, எடத்தையும் காட்டிக் குடுத்துட்டானுங்க. எங்ககிட்ட ஒரு வார்த்த கேட்டிருந்தா வேணாம்னு சொல்லியிருப்போமே."

அப்புறம் என் கையைப் பிடித்தாள். "வா புஷ்பம், இதையும் அவுத்துருவோம்."

இரண்டு கிழவிகளும் பலகையின் கம்பியைப் பிடித்து ஆட்டிப் பார்த்தோம். அசையவில்லை. சிமெண்ட் போட்டு நட்டிருக்கிறார்கள்.