பி.டி. மாஸ்டர் வீட்டுப் பயிற்சி

என் கணவர் அடையாறில் ஒரு பள்ளிக்கூடத்தில் ரிட்டயர் ஆகும்வரை பி.டி. மாஸ்டராக இருந்தவர். அதாவது வேப்பமர நிழலில் நின்று விசில் ஊதி மற்றவர்களை ஓடவைத்தவர். அவர் ஓடி நான் பார்த்ததில்லை.

போன மழைக்காலத்தில் எங்கள் மந்தைவெளி வீட்டுக் குளியலறையில் வழுக்கி விழுந்தார். எலும்பு தப்பியது. "தொடையில பலமே இல்ல சார். அடுத்த தடவ இடுப்பெலும்பு போச்சுன்னா படுக்கைதான்" என்று டாக்டர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். அவரைத் தூக்கி உட்காரவைக்க வீட்டில் என்னை விட்டால் ஆளில்லை. நானோ அவரில் பாதி இருப்பேன்.

பயிற்சி சொல்லித்தர ஒரு பிசியோதெரபி பெண் வந்தாள். கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழ வேண்டும். சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக்காலில் நிற்க வேண்டும். தப்பித்தவறி விழுந்தால் ஒருக்களித்துப் புரண்டு, முட்டி போட்டு, நாற்காலியைப் பிடித்து எழுந்திருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். அவள் படி இறங்கியதும் சோபாவில் சாய்ந்தார்.

"நீ ஒரு தடவ செஞ்சு காட்டு. பாத்துட்டுச் செய்றேன்."

காட்டினேன். மறுநாளும் காட்டச் சொன்னார். பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது. நான் எழுந்து உட்கார, அவர் சாய்ந்தபடியே "ஒன், டூ" என்று எண்ணுவார். "முதுக நிமித்து" என்று அதட்டுவார். பூங்காவுக்கு நடக்க அனுப்பினால் வாசல் பெஞ்சில் உட்கார்ந்து, போகிறவர் வருகிறவருக்கெல்லாம் கைவீச்சு சரியில்லை என்று திருத்தம் சொல்லிவிட்டு வருவார். ஊருக்குத்தான் உபதேசம். கடைசியில் என் முட்டிவலி போனதுதான் மிச்சம். அவரோ படி இறங்க என் தோளைப் பிடிக்க ஆரம்பித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

போன வாரம் காலையில் ஹாலில் மிதியடி தடுக்கி விழுந்தார். அடுப்பை அணைத்துவிட்டு ஓடினேன். கை காலை அசைக்கச் சொல்லிப் பார்த்தேன், அடி ஒன்றுமில்லை. ஆனால் எழ முடியவில்லை. அக்குளில் கை கொடுத்துத் தூக்கினேன், ஆள் அசையவில்லை. நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டு, "அந்தப் பொண்ணு சொன்ன மாதிரி புரளுங்க" என்றேன்.

மல்லாந்தபடியே என்னைப் பார்த்தார். "நீ ஒரு தடவ செஞ்சு காட்டேன்."

அவர் பக்கத்திலேயே தரையில் படுத்தேன். ஆனால் புரளவில்லை.

"என்ன, அப்படியே கெடக்கற?"

"நீங்க எழுந்தா நானும் எழுந்துக்கறேன். இல்லன்னா ரெண்டு பேரும் இப்படியே கெடப்போம்."

மின்விசிறியைப் பார்த்தபடியே, "காப்பி?" என்றார்.

"அதுவும் எழுந்தாத்தான்."

மெல்ல அவர் தோள் திரும்பியது. முனகிக்கொண்டே புரண்டு முட்டி போட்டார். பிடித்த பிடியில் நாற்காலி கிறீச்சிட்டது, கால் வெடவெடவென்று நடுங்கியது. எழுந்து பிடிக்கத் துடித்த கைகளைக் கட்டிக்கொண்டு, படுத்தபடியே எண்ணினேன்.

"ஒன்... டூ... முதுக நிமித்துங்க."