பால் பொங்கிய ரூலொத்

வியாழக்கிழமைப் பின்னேரங்களில், இத்தாலியில் நான் வேலை செய்கிற நகரத்தின் லிபெர்த்தாப் பகுதியில் இருக்கும் பூங்கா ஒன்றில் நானும் என் கணவரும் சந்திப்போம். புருசனும் பெண்சாதியும் எதற்காகப் பூங்காவில் சந்திக்க வேண்டும் என்று ஊரிலிருந்து இதை வாசிக்கிறவர்கள் யோசிப்பீர்கள். இங்கே இருக்கிறவர்களுக்குத் தெரியும். எனக்கு ஒரு வயதான இத்தாலிக்கார அம்மாவை, சின்யோராவை, அவர் வீட்டிலேயே தங்கிப் பார்க்கிற வேலை. இரவிலும் என் அறைக் கதவைத் திறந்து வைத்துத்தான் படுக்க வேண்டும். இவர் நகரத்தின் மறுபக்கம் ஒரேத்தோவில் இன்னும் நான்கு ஆண்களோடு ஒரு வீட்டில் இருக்கிறார். வியாழன் பின்னேரமும் ஞாயிறும்தான் எனக்கு விடுப்பு. இவர் இடியப்பமும் சம்பலும் கட்டிக்கொண்டு வருவார், நான் போத்தலில் தேத்தண்ணி கொண்டுபோவேன். ஒரே வாங்கில் இருந்து சாப்பிடுவோம். பொழுதுபட இவர் பஸ்ஸுக்குப் போய்விடுவார், நான் சின்யோராவின் மாடிப்படி ஏறுவேன். இப்படியே எங்கள் தலைமயிர் வெளுத்துவிட்டது.

அடுத்த வாங்கில் நாயோடு வந்து இருக்கும் கிழவர் ஒருவர் ஒரு நாள் எழும்பி வந்து, "எப்ப கலியாணம்?" என்று கேட்டார். வாராவாரம் பார்க்கிறாராம். தனித்துப்போன இரண்டு பேர் வயதுபோன காலத்தில் சோடி சேருகிறார்கள் என்று நினைத்திருக்கிறார். எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. சேலைத் தலைப்பும் இல்லை மூடுவதற்கு, ஜக்கெட்தான் போட்டிருந்தேன். இவர் சும்மா இருந்தாரா? "நான் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறன், பொம்பிளைதான் இன்னும் ஓம் எண்டு சொல்லேல்லை" என்று இத்தாலியனில் சொல்லிவிட்டார். கிழவர் என்னைப் பார்த்து, "நல்ல மனுசனாத் தெரியுது சின்யோரா, கனக்க யோசியாதேங்கோ" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்றைக்குத்தான் இவர் கதையைத் தொடங்கினார்.

"இஞ்சாரும், ஒண்டு சொல்லுவன், சிரிக்கக்கூடாது."

"சொல்லுங்கோ."

"ஒரு ரூலொத் வாங்குவமே?"

ரூலொத் என்றால் காருக்குப் பின்னால் கொளுவி இழுத்துக்கொண்டு போகிற சின்ன வீடு. உள்ளே கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் இருக்கும். வெள்ளைக்காரர் கோடை காலத்தில் கடற்கரைக்கு இழுத்துக்கொண்டு போவார்கள். பக்கத்து ஊரான பகேரியாவில் நினோ என்ற ஒருவர், மனைவி இறந்துபோனதால், தன்னுடைய சின்ன ரூலொத்தையும் அதை இழுக்கிற பழைய காரையும் சேர்த்து விற்கப்போகிறாராம். வேலையை விட்டுவிட்டு அதை வாங்கிக்கொண்டு ஜெர்மனியில் இருக்கும் மகள் சுகந்தியிடம் போகலாம் என்றார் இவர். அவள் வீட்டு வாசலில் நிறுத்தி வைத்துக்கொண்டு, பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொண்டு, இரவில் எங்கள் கட்டிலில் நாங்கள் படுக்கலாம். "ட்ரக்டர் பெட்டி இழுத்தவனுக்கு இது பெரிய வேலையே?" என்றார்.

அவர் சொன்ன ட்ரக்டர் பெட்டியை நானும் மறக்கவில்லை. ஊரில் சண்டைக்காலத்தில் இவர் வேறொருவரின் ட்ரக்டர் ஓடினார். இடம்பெயர்ந்தபோதெல்லாம் அதன் பின்னால் கொளுவிய பெட்டிதான் எங்கள் வீடு. கூரைத் தகரம், சட்டி பானை, நான்கு கோழி, நடுவில் மகளை மடியில் வைத்துக்கொண்டு நான். எந்த இடத்தில் நின்றாலும் இவர் பெட்டியைக் கழற்ற மாட்டார். எப்போது மறுபடியும் வெளிக்கிட வேண்டி வரும் என்று யாருக்குத் தெரியும்? பள்ளிக்கூட வளவில், கோயில் வீதியில், யாரோ ஒருவரின் தென்னங்காணியில் எல்லாம் சமைத்துச் சாப்பிட்டோம், கொளுவினது கொளுவினபடியே நிற்கும். இதைக் கழற்றி விட்டுவிட்டு ஒரு நித்திரை கொள்ள வேண்டும் என்ற ஒரு ஆசையைத் தவிர அந்த நாட்களில் எனக்கு வேறு ஆசை இருந்ததாக ஞாபகம் இல்லை. இப்போது மறுபடியும் ஒரு பெட்டி, மறுபடியும் ஒரு கொழுக்கி. கேட்கும்போதே எனக்குக் கால் உளைந்தது.

ஆனாலும் இவர் ஏன் கேட்கிறார் என்று தெரியும். போன மாரிக்கு மகளிடம் போயிருந்தோம். எங்களுக்காகப் பேத்தியின் அறையை ஒதுக்கினார்கள். பிள்ளை தலையணையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வாசலில் நின்று, தாயிடம் ஜெர்மன் பாஷையில் ஏதோ கேட்டாள். "உங்களுக்குக் குளிருதோ எண்டு கேக்கிறாள்" என்றாள் மகள். அவள் கேட்டது அதுவல்ல என்று எங்களுக்கு விளங்கியது. இவர் அன்றிரவு கட்டிலின் ஓரத்தில், விருந்தாளி மாதிரி, போர்வையைக் கலைக்காமல் படுத்திருந்தார்.

ஞாயிறு பகேரியாவுக்குப் போய் ரூலொத்தைப் பார்ப்பதாக முடிவானது. அதற்கு முதல் நாள், சின்யோரா மத்தியானம் உறங்கின நேரம், நான் மகளுக்குப் போன் எடுத்துச் சொன்னேன்.

"அம்மா, இஞ்சை அப்பிடி வீட்டு வாசலிலை கொண்டுவந்து விட்டிட்டு இருக்க ஏலாது. விடமாட்டினம்."

"பின் வளவுக்குள்ளை?"

"அதுக்குள்ளை எங்கையம்மா இடம்? அயலுக்குள்ளை ஒரு மாதிரிப் பாப்பினம். உங்கடை மருமகனுக்கும் விருப்பமிராது." பிறகு குரல் இறங்கிப்போனது. "நான் சொன்னதெண்டு அப்பாக்குச் சொல்லிப்போடாதேங்கோ. தாங்கமாட்டார்."

"இல்லைப் பிள்ளை, சொல்லமாட்டன்" என்றேன். அவள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவளும் அடுத்தவர் ஊரில் மெல்லக் கதைத்து, மெல்லக் கதவைச் சாத்திச் சீவிக்கிறவள்.

ஞாயிறு காலை ரயிலில் இவர் சின்னப்பிள்ளை மாதிரி ஜன்னல் பக்கம் இருந்தார். ஜக்கெட் பையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே வந்தார். என் கைப்பையில் ஒரு பால் பெட்டியும் சின்னச் சட்டியும் இருந்தன. ஏன் எடுத்தேன் என்று கேட்டால், புது வீடு பார்க்கப் போகிறவளுக்குக் கை தானாகப் போகும் என்றுதான் சொல்ல வேண்டும்.

நினோவின் வளவில் எலுமிச்சை மரங்களுக்கு நடுவே அது நின்றது. காரின் பின்னால் கொளுவியபடி, வெள்ளை நிறம், ஒரு பக்கம் நெளிந்திருந்தது. இவர் காரை ஒரு சுற்று ஓடிப் பார்க்கக் கேட்டார். ஏறுவதற்கு முன்னால் ஜக்கெட் பையிலிருந்து தேசிக்காய்களை எடுத்து, காரின் நான்கு சக்கரத்துக்கும் ரூலொத்தின் இரண்டு சக்கரத்துக்கும் முன்னால் ஒவ்வொன்றாக வைத்தார். புது வாகனம் என்றால் தேசிக்காயை நசுக்கிக்கொண்டுதானே வெளிக்கிட வேண்டும்.

நினோ குனிந்து பார்த்தார். "இது உருளாமல் இருக்கவோ?" என்று கேட்டார். "எலுமிச்சம்பழம் தாங்காது சின்யோரே." மனுசன் ஓடிப்போய் இரண்டு பெரிய கல்லைக் கொண்டுவந்து ரூலொத்தின் சக்கரங்களுக்கு முண்டு கொடுத்துவிட்டு, தன்னுடைய எலுமிச்சைகளைப் பார்த்துத் தலையாட்டினார். உங்கள் நாட்டில் பழங்கள் அவ்வளவு பலமோ என்று நினைத்திருப்பார். இவர் விளக்கம் சொல்லத் தொடங்கினார். முடிகிற கதையாகத் தெரியவில்லை. நான் மெல்ல ரூலொத்துக்குள் ஏறினேன்.

இரண்டு பேர் படுக்கிற கட்டில், ஒரு ஜன்னல், கைக்கெட்டுகிற தூரத்தில் அடுப்பு. கதவுக்கு உள்பக்கம் ஒரு கொண்டி இருந்தது. அதைப் போட்டு, எடுத்து, மறுபடியும் போட்டுப் பார்த்தேன். அடுப்பைத் திருகினேன், பற்றியது. சட்டியை வைத்துப் பாலை ஊற்றினேன்.

பால் கொதித்து எழும்பும் நேரம் நினோ வாசலில் வந்து கதவைத் தட்டினார். நான் கொண்டியை எடுக்க, தலையை நீட்டியவர் "காஸ், காஸ்!" என்று கத்திக்கொண்டு அடுப்பை நிறுத்தக் கையை நீட்டினார்.

"லாஷா!" என்றேன். விடு என்று அர்த்தம். என் வாயிலிருந்து அப்படிச் சத்தம் வரும் என்று எனக்கே தெரியாது. இத்தனை வருசத்தில் இந்த ஊர் ஆள் ஒருவருக்கும் நான் அப்படிச் சொன்னதில்லை. மனுசன் கையை எடுத்துவிட்டார். பால் சட்டியின் வாயைத் தாண்டி வடக்குப் பக்கமாக வழிந்து, அடுப்பு புகைந்து நூர்ந்தது. நான் காஸைப் பூட்டினேன். நினோவின் பின்னால் இவர் நின்றுகொண்டிருந்தார்.

"என்னப்பா இது? வாகனத்துக்குள்ளை பால் காய்ச்சிறீர்?"

"வீட்டுக்குள்ளைதான் காய்ச்சினனான். பொங்கியிட்டுது."

"சரி, நல்லதுதானே. அப்ப எடுப்பம்."

"எடுப்பம். ஆனால் பால் பொங்கின வீட்டை இழுத்துக்கொண்டு திரியக்கூடாது. கார் வேண்டாம். இது இஞ்சையே நிக்கட்டும்."

அப்படி ஒரு முறை எங்கள் ஆட்களிடம் இருக்கிறதா என்று என்னைக் கேட்காதீர்கள். நான் கேள்விப்பட்டதில்லை. வாயில் வந்தது, சொன்னேன். இவர் பாலைப் பார்த்தார், கொழுக்கியைப் பார்த்தார். சாத்திர சம்பிரதாயத்தை மீறுகிற ஆள் இல்லை. "அப்ப பிள்ளையிட்டை எப்பிடிப் போறது?" என்று மட்டும் கேட்டார்.

"எனக்கு இனி ஏலாதப்பா. அவ்வளவு தூரம் என்னாலை ஏலாது. என்னிலை பழியைப் போடுங்கோ" என்றேன்.

இவர் காரடிக்குப் போய்க் குனிந்து, கொழுக்கியைத் தானே கழற்றினார்.

நினோவுக்கு முழுவதும் விளங்கியதோ தெரியாது. மரங்களுக்குத் தண்ணீர் விட ஆள் இருந்தால் ரூலொத் நின்ற இடத்திலேயே நிற்கலாம் என்றார். காரை வேறு யாரோ கொண்டுபோனார்கள். சின்யோராவின் மகளிடம், இனி இரவு தங்க மாட்டேன், காலையில் வந்து பின்னேரம் போகிறேன் என்று சொல்ல எனக்கு இரண்டு கிழமை எடுத்தது. முகத்தைச் சுளித்தார், ஆனால் இரவுக்கு ஒரு பெண்ணைப் பிடித்துக்கொண்டார். இவரும் ஒரேத்தோ வீட்டை விட்டு வந்துவிட்டார். இப்போது நான் வேலை முடிந்து ரயிலில் ரூலொத்துக்கு வருகிறேன். கால் வீங்கித்தான் வருகிறது. வந்ததும் உள்பக்கக் கொண்டியைப் போட்டுவிட்டு, கொஞ்ச நேரம் ஒன்றும் செய்யாமல் இருப்பேன்.

ஞாயிறுகளில் இவர் காலால் மிதிக்கிற பம்பை எடுத்துவந்து டயர்களுக்குக் காற்றடிக்கிறார். ஒரே இடத்தில் நின்றால் டயர் வெடித்துப்போகுமாம். "உமக்குச் சுகம் வந்தால் ஒரு நாளைக்குப் பிள்ளையிட்டைப் போகவேணுமெல்லோ" என்கிறார். நான் "ஓம்" என்கிறேன். மகள் சொன்னது இன்னும் என்னோடுதான் இருக்கிறது. பிறகு கற்களை எடுத்துவிட்டு, நினோவையும் கூப்பிட்டு, டயர் ஒரே பக்கத்தில் அழுந்தாமல் இருக்க ரூலொத்தைக் கொஞ்சம் முன்னுக்குத் தள்ளுகிறார். நான் உள்ளே தேத்தண்ணிக் கோப்பையைப் பிடித்துக்கொண்டு இருப்பேன். ஜன்னலில் நிற்கும் மரம் மெல்லப் பின்னால் போகும். ஒரு முழம்தான். மகளின் வீடு இருக்கிற பக்கமாக அவ்வளவு தூரம் போய்விட்டோம். நான் இறங்கிப்போய்க் கற்களை எடுத்து, மறுபடியும் சக்கரத்துக்குக் கீழே வைக்கிறேன்.