ஜன்னல் வைத்த ஆல்பம்

எங்கள் வீட்டில் மாமாவுக்கு அவ்வளவாக மரியாதை கிடையாது. மாமா என்றால் அம்மாவின் தம்பி. பாகூரில் எங்களோடுதான் இருந்தார். பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் படித்து முடித்துவிட்டு உத்தியோகத்துக்குக் காத்திருந்தார். காத்திருக்கிற நேரத்தில் தபால் கவர் சேர்த்தார். பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்தில் பல வீடுகளில் யாராவது ஒருத்தர் கப்பலேறிப் போய் சைகோனில் வேலையில் இருப்பார்கள். கடுதாசி வந்தால் மாமா போய்ப் படித்துக் காட்டி, பதிலும் எழுதிக் கொடுத்துவிட்டு, கூலியாகக் காலிக் கவரை வாங்கிக்கொண்டு வருவார். அதையெல்லாம் ஒரு பெரிய நோட்டில் ஒட்டி, ஆல்பம் என்பார்.

“சாப்ட்ட எலைய எவனாச்சும் எடுத்து வெப்பானா மாப்ள?” என்று கேட்பார் பெரியப்பா.

பெரியப்பாவும் சைகோனிலிருந்து திரும்பியவர்தான். வந்ததிலிருந்து பெரியம்மாவோடு பேச்சு இல்லை. அங்கே அவர் காய்ச்சலில் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது கடுதாசி போட்டாராம். பெரியம்மாவிடமிருந்து பதிலே வரவில்லையாம். கடுதாசியே ரொம்பத் தாமதமாக வந்தது, வந்த அன்றைக்கே பதில் எழுதிப் போட்டோம் என்று பெரியம்மா சொல்லிப் பார்த்தாள். எழுதிக் கொடுத்த மாமாவும் சொன்னார்.

“நீயும் அவளும் ஒண்ணு. கப்பல் இன்னா மாட்டு வண்டியா, வழியில படுத்துக்க?” என்றுவிட்டார் பெரியப்பா.

அதனால் எனக்கு ஒரு வேலை கிடைத்தது. பெரியப்பா இலையில் உட்கார்ந்திருப்பார். கைக்கெட்டும் தூரத்தில் பெரியம்மா கொழம்புச் சட்டியோடு நிற்பாள். நடுவில் நான்.

“ஒங்க பெரியம்மாவ கொழம்பு ஊத்தச் சொல்லு.”

“பெரியம்மா, கொழம்பு ஊத்துவியாம்.”

“உப்பு சரியா இருக்கான்னு கேளுடி.”

“பெரியப்பா, உப்பு சரியா இருக்கான்னு கேக்குது.”

வெளியாள் யாராவது வந்தால் கதவுக்குப் பின்னால் போய் ஒண்டிக்கொள்கிற பெண் நான். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் பேர் கேட்டால்கூட வாயில் வராது. அப்படிப்பட்ட எனக்கு இது பெரிய உத்தியோகம். மாமாவுக்குக் கிடைக்காதது எனக்குக் கிடைத்துவிட்டதாக நினைத்து மிதப்பாகத் திரிந்தேன்.

அந்த ஐப்பசி மழையில் மாமாவின் ஆல்பத்தில் எறும்பு புகுந்தது. சோற்றைப் பிசைந்து பசை பண்ணி, கவரின் முதுகு முழுக்கத் தடவி ஒட்டியிருந்தார். எறும்புக்குப் பந்தி வைத்த மாதிரி ஆகிவிட்டது. கவர்களைக் கிழியாமல் எடுக்க ஒரு வழி கண்டுபிடித்தார். அம்மா சோறு வடிக்கிற பானைக்கு மேல் ஒவ்வொன்றாக ஆவியில் காட்டி உரித்தார்.

“சோறு வேவுதா, கடுதாசி வேவுதாடா?” என்று அம்மா கரண்டியை ஓங்கினாள்.

உரித்த கவர்களைத் திருப்பிப் பார்த்த மாமாவுக்குத் தலைகால் புரியவில்லை. பின்பக்கமெல்லாம் வட்ட வட்டமாக முத்திரைகள். வந்து சேர்ந்த ஊரின் முத்திரையைப் பின்னால்தான் குத்துவார்களாம். “இத்தினி நாளு மூஞ்சிய மட்டும் பாத்துகினு முதுவ மறைச்சு வெச்சிருந்தனே பாப்பா!” என்று என்னிடம் அங்கலாய்த்தார். துணிக்கடையிலிருந்து தடித்த அட்டைகள் வாங்கி வந்து, ஒவ்வொன்றிலும் கவரைவிடக் கொஞ்சம் சின்னதாக ஜன்னல் வெட்டினார். கவரின் ஓரத்தை மட்டும் அதில் ஒட்டினார். இந்தப் பக்கம் பார்த்தால் தபால் தலையும் விலாசமும். அட்டையைப் புரட்டினால் முதுகு. வட்டம் எவ்வளவு வட்டமாக இருக்கிறது என்று பார்த்துப் பார்த்து மகிழ்ந்தாரே தவிர, அதற்குள் என்ன எழுதியிருக்கிறது என்று மாமா படிக்கவே இல்லை.

போகி வந்தது. விடியலில் தெருவாசலில் பழைய பாய், ஓட்டை முறம் எல்லாம் போட்டுக் கொளுத்தினோம். பெரியப்பா உள்ளே போய் ஆல்பத்தையும் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். வீட்டில் அவர் வைத்ததுதான் சட்டம்.

“எறும்பு மேய்ஞ்ச குப்பை. போவட்டும்.”

மாமா குறுக்கே வந்து நின்றார். அவருக்கு அழுகையே வந்துவிட்டது. “ஒரே ஒரு தபா தொறந்து பாத்துட்டு அப்புறம் போடுங்க. நான் ஒண்ணும் கேக்க மாட்டேன்.”

பெரியப்பா வேண்டாவெறுப்பாகத் திறந்தார். இரண்டு அட்டை தள்ளினார். மூன்றாவதில் கை நின்றது.

“இது என் எழுத்தாச்சே.” அட்டையைப் புரட்டினார். கண்ணாடி கையில் இல்லை. “பாப்பா, இது இன்னா தேதி, படி.”

தெருவே பார்க்கிறது. கதவுக்குப் பின்னால் ஓடிவிடலாமா என்று பார்த்தேன். ஆனாலும் உத்தியோகம் ஆயிற்றே. நெருப்பு வெளிச்சத்தில் எழுத்துக் கூட்டிப் படித்தேன்.

“நம்ம பாகூர் முத்திரை. தெசாம்பர்.”

“முன்பக்கம்?”

“சைகோன். ஒக்தோபர்.”

“ரெண்டு மாசமா?” என்றார் பெரியப்பா. அட்டையை இந்தப் பக்கம் ஒரு தடவை, அந்தப் பக்கம் ஒரு தடவை புரட்டினார். நெருப்பில் பாய் படபடவென்று வெடித்தது. பிறகு உள்ளே பார்த்து, “ஏ, இங்க வா” என்றார். என்னைத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்து நான் இன்னும் கிட்டே போனேன். என்னை இல்லை.

பெரியம்மா நெருப்பில் போட எடுத்த பழைய துடைப்பத்தோடு வந்தாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. “இன்னா இது கறுப்பா?”

“நீ கடுதாசி வாங்கின நாளு. ஒன் பதிலு வர்றதுக்குள்ள நான் கப்பலேறிட்டேன். நீ சொன்னது சரிதான்.”

பெரியம்மா அந்த வட்டத்தை விரலால் தடவிப் பார்த்தாள். பிறகு மாமா பக்கம் திரும்பினாள். “இத்தினி நாளா இது எங்கடா இருந்துச்சு?”

“சோத்த தடவி ஒட்டி வெச்சிருந்தேங்கா…”

துடைப்பம் உயர்ந்ததும் மாமா எடுத்த ஓட்டம் ஏரிக்கரை வரைக்கும். பெரியப்பா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. ஆல்பத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, பொங்கலுக்கு வந்தவர்களுக்கெல்லாம் அந்த ஒரு அட்டையைப் புரட்டிப் புரட்டிக் காட்டினார்.

போகியன்று மத்தியானமே வழக்கம்போல நான் நடுவில் போய் உட்கார்ந்தேன். பெரியப்பா ஒன்றும் கேட்கவில்லை. பெரியம்மாவும் ஒன்றும் சொல்லவில்லை. கொழம்பு அதுபாட்டுக்கு வந்து விழுந்தது. அவர் சோற்றில் குழி பண்ணுவதற்குள் ரசமும் வந்துவிட்டது. உப்பு சரியா என்று யாரும் கேட்கவில்லை. நான் ஒருத்தர் முகத்தையும் இன்னொருத்தர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தேன். ஒரு வார்த்தை இல்லை.

அம்மாவிடம் ஓடிப்போய், “இப்ப என் மூலமாகூடப் பேச மாட்டேங்கறாங்கம்மா. சண்டை பெருசாயிடுச்சு” என்று சொல்லி அழுதேன்.