முதுகில் கண் வைத்த மீன்

முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். ஐந்தாவது வரைதான் படித்தேன், எழுத்து கோணும், பாதி மறந்தும் போகும். கோவளத்திலிருந்து டின்னில் வந்த கடல்தண்ணீரின் வாடை மட்டும் மறக்கவில்லை. தாம்பரத்தில் ஒரு பங்களாக்காரரின் மீன்தொட்டியைப் பார்த்துக்கொள்வது அப்பாவின் வேலை. தொட்டி ஒழுகியதால், ராமேஸ்வரத்திலிருந்து ரயிலில் வந்த இரண்டு மீன்களை இரண்டு கண்ணாடி ஜாடிகளில் எங்கள் வீட்டில் வைத்திருந்தார். ஒன்று, எதைக் கண்டாலும் கடிக்கிற களவா. மற்றது "பட்டாம்பூச்சி மீன்": வெள்ளை உடம்பில் சாய்ந்த கோடுகள், பின்பாதி மஞ்சள், முகத்தில் கறுப்புப் பட்டை, முதுகுத் துடுப்பின் கடைசியில் உருண்டையாக ஒரு கறுப்புப் பொட்டு.

"மூஞ்சில கண்ணே காணோம், பின்னால வச்சிகினு கீது. எவன் தொரத்தினாலும் பாத்துகினே ஓடும், கில்லாடி" என்று கூடப் பிறந்த ரூபி அக்கா சிரித்தாள். அப்பாவும் அதையே நம்பினார். "ஜோடியாத் திரியற ஜாதி, ஒண்ணுதான் சிக்கிச்சு. இதுக்கு ஏதாவது ஆச்சு, தோலை உரிச்சுடுவேன்" என்றார்.

அது தனியாகச் சுற்றுவதைப் பார்க்கப் பொறுக்காமல், யாரும் இல்லாத நேரத்தில் களவாவை வலையில் அள்ளி அந்த ஜாடியில் விட்டேன். விட்டதும் களவா பாய்ந்து பொட்டைக் கவ்விப் பிய்த்தது. பதறி, களவாவைத் திரும்ப அதன் ஜாடியிலேயே போட்டுவிட்டுக் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

அப்பா வந்தபோது ஜாடிக்குப் பக்கத்தில் அக்கா பெருக்கிக்கொண்டிருந்தாள்.

"கண்ணைக் குத்திட்டியாடி, பாவி!"

"நான் இன்னாப்பா பண்ணேன்? பெருக்கிகினுதானே கீறேன்!"

பெல்ட்டை உருவி அடித்தார். முதுகில், கழுத்தில், தரையில் விழுந்த பிறகும். இரும்புக் கொக்கி முகத்தில் பட்டது. பொத்திய விரல்களுக்கு நடுவே ரத்தம் வழிந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. ஜாடிக்குள் அந்த மீன், அடியில் கிடந்த இறால் துணுக்கைக் குறி தப்பாமல் கொத்திக்கொண்டிருந்தது.

அக்காவின் இடது கண் போய்விட்டது.

பங்களா இடிந்து அடுக்குமாடி வந்துவிட்டது, அப்பாவும் இல்லை. போன மாதம் பேத்தி போனில் அந்த மீனைக் காட்டினாள்: நிஜக் கண் கறுப்புப் பட்டைக்குள் ஒளிந்திருக்குமாம், பொட்டு, கடிக்க வருவதை ஏமாற்றும் பொய்க்கண்ணாம். அக்கா இருக்கிற பெரும்பாக்கத்துக்குப் போய், களவாவை விட்டது நான்தான் என்பது உட்பட, எல்லாவற்றையும் அவளிடம் சொன்னேன்.

"அப்போ அதுக்குப் போவல. எனக்குத்தான் போச்சு" என்றாள். பிறகு, "பிஞ்சது அதுக்குத் திரும்ப மொளைக்குமா?"

"தெரியலக்கா."

"கேட்டுகினு வா. அதுவரைக்கும் என் வூட்டாண்ட வராத."

துடுப்பும் பொட்டும் திரும்ப வளருமா? விஷயம் தெரிந்தவர் யாராவது சரிபார்த்துச் சொல்லுங்கள்.